கொருக்குப்பேட்டை நாட்குறிப்பு: அண்ணனின் பெட்டி

பிப்ரவரி 4, செவ்வாய்

அண்ணனின் வலது கை அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். 17ஆம் தேதி காலை.

அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேஸ் கிடாரின் ஸ்பீக்கர் பெட்டி மேல் கிடந்த துணிமூட்டையை இறக்கிவைத்துவிட்டு, முன்பக்க வலையில் படிந்திருந்த தூசியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இடது கையால்.

பிப்ரவரி 5, புதன்

அதற்குள் அவர் வாசிப்பைப் பதிவு செய்ய என்னிடம் இருப்பது ஒரே ஒரு மைக், ஷ்யூர் எஸ்எம்57. 1965இல் வந்த மாடல், இன்றும் உலகம் முழுக்க மேடைகளில் நிற்கிறது. ஆனால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது அடி ஒலிகளில், அதற்குக் காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகிவிடும். பேஸ் கிடாரின் தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். வலையை ஒட்டி இரண்டு விரல் இடைவெளியில் வைத்தால் அடி ஒலி தானாகத் தடிக்கும் என்பதால் அப்படியே வைத்துப் பார்த்தேன். தடித்தது. ஆனால் அது மைக் கொடுத்த தடிமன். அண்ணன் வாசித்தது வேறு.

இருபது வருடமாக மெல்லிசைக் கச்சேரிகளில் கடைசி வரிசையில் நின்று வாசித்தவர். தனியாக அவர் வாசிப்பு மட்டும் பதிவான நாடா ஒன்றுகூட இந்த வீட்டில் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

இரவு முழுக்க கூட்ஸ் வண்டி. இரண்டு மணிக்கு அண்ணன் எழுந்து கையை உதறிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 8, சனி

வடபழனி நண்பர் மூன்று மைக் கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தேன்.

முதலில் ஏகேஜி டி112. முட்டை போலக் கனமாக இருக்கிறது. பேஸ் டிரம்முக்காகவே பேர் வாங்கியது. 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தூக்கிக் காட்டும். ஒவ்வொரு சுரமும் கதவைத் தட்டுவது போல ஆரம்பித்தது. அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுதான் நன்றாக இருக்கிறது" என்றார். அண்ணன் தலையசைத்தார், ஆம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படி.

அடுத்தது சென்ஹைசர் எம்டி421. ஒலி தகரம் தகரமாக வந்தது. அரை மணி நேரம் மைக்கை நகர்த்தினேன், பெட்டியைத் திருப்பினேன், கேபிளை மாற்றினேன். கடைசியில்தான் அதன் பின்புறமிருந்த வளையத்தைக் கவனித்தேன். 'எஸ்' பக்கம், அதாவது பேச்சுக்கான நிலையில் நின்றுகொண்டிருந்தது. அடி ஒலியை வெட்டிவிடும் நிலை அது. 'எம்' பக்கம், இசைக்கான நிலைக்குத் திருப்பினேன். அறைக்குள் யாரோ வந்தது போல இருந்தது.

எலக்ட்ரோவாய்ஸ் ஆர்ஈ20ஐ நாளை பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஏ கம்பியைத் திறந்து மீட்டினால், 55 ஹெர்ட்ஸ், அலமாரியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கூடவே பாடுகிறது. அந்த ஒரு சுரத்துக்கு மட்டும். டம்ளரை எடுத்தேன், தட்டு பாடியது. அம்மா பாத்திரம் எல்லாவற்றையும் கட்டிலின் மேல் பரப்பி, மேலே போர்வை போர்த்தினார்.

சுவரில் பாய் கட்டலாமா என்று கேட்டார். பாயும் போர்வையும் கணீரென்ற மேல் ஒலியைத்தான் உறிஞ்சும். ஈ கம்பியின் அலை 8 மீட்டருக்கும் மேல் நீளம். எங்கள் முன்னறை பன்னிரண்டு அடி. மூலைக்கு மூலை ஒலி வேறுவேறாகத் தேங்குகிறது. அதனால்தான் பெட்டியை ஒட்டியே மைக்கை வைக்கிறேன்.

ஆர்ஈ20 நேர்மையான மைக். அருகே போனாலும் அடி வீங்காது. நள்ளிரவு வரை அதுதான் என்று முடிவுசெய்திருந்தேன்.

பிறகு மூன்றையும் ஹெட்போனில் கேட்டேன். அண்ணனின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டும். டி112இல் இரண்டும் ஒரே விரல். ஆர்ஈ20இல் கொஞ்சம் வித்தியாசம். 421இல் அப்பட்டமாகக் கேட்கிறது: நடுவிரல் கம்பியைப் பிடித்து இழுக்கிறது, ஆள்காட்டி விரல் அதன் மேல் சறுக்கிப் போகிறது. ஒன்று விட்டு ஒன்று. மரத்துப்போன விரல் அது, தான் எங்கே தொட்டது என்றே அதற்குத் தெரியவில்லை.

தூக்கம் வரவில்லை. டி112ஐ வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பத்து வருடம் கழித்துக் கேட்பவர்களுக்கு நல்ல வாசிப்பு என்றுதான் படும்.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் மூன்றையும் அவருக்குப் போட்டுக் காட்டினேன். எது எந்த மைக் என்று சொல்லவில்லை. 421 வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "இதில் நான் இருக்கிறேன். இதையே வை, தம்பி."

மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நண்பர் இதை 16 வரை வைத்துக்கொள்ளச் சொன்னார். பணம் வாங்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

கிடாரிலிருந்து கேபிள் வழியாக நேராக ஒரு ஒலிவரி, மைக்கிலிருந்து ஒரு ஒலிவரி. இரண்டையும் சேர்த்தால் ஒலி மெலிந்துவிடுகிறது. நேர்வரி உடனே வந்துவிடும். மைக் வரி காற்றில் நடந்து வர வேண்டும், ஒரு மில்லி நொடிக்கு 34 சென்டிமீட்டர். அம்மாவின் தையல் டேப்பால் அளந்தேன்: ஸ்பீக்கர் கூம்பிலிருந்து மைக்குக்கு 17. அரை மில்லி நொடி. நேர்வரியை அவ்வளவு பின்னுக்குத் தள்ளியதும் வயிறு நிறைந்தது போல ஆனது.

கூம்பின் நடுவே இருக்கும் குமிழுக்கு நேராக வைத்தால் நகம் கேட்கிறது. ஓரத்தில் மந்தம். குமிழ் முடிந்து கூம்பு தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் வலையில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். யாரும் துடைக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

பிப்ரவரி 12, புதன்

கை வீங்கியிருக்கிறது. இன்று வேண்டாம்.

பிப்ரவரி 13, வியாழன்

அண்ணி புள்ளியைத் துடைத்துவிட்டார். நான் கத்தியிருக்கக் கூடாது. அவர் அழுதது புள்ளிக்காக இல்லை.

பிப்ரவரி 15, சனி

இரவு ஒன்றரை. ஃபேனை நிறுத்தினோம். ஃபிரிட்ஜையும். முதல் தடவை நான்கு நிமிடம் வாசித்தார், பாதியில் கூட்ஸ் வண்டி. தண்டவாளம் அதிர்வது வரும் முன்பே 421இல் கேட்கிறது. இரண்டாம் தடவை கை நின்றுவிட்டது. நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் பதிவை நிறுத்தவில்லை. அவர் மூச்சும் அதில் இருக்கிறது.

மூன்றாவது தடவைக்கு ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டார். நடுவிரல் மட்டும். வேகம் பாதி. டம்ளர் இல்லாத அலமாரி, பெட்டியின் வலை லேசாகத் துடிப்பது, மணி இரண்டு நாற்பது. கேட் மூடும் மணி அடிக்கத் தொடங்கியது, அவர் நிறுத்தவில்லை