மதினி காட்டிய காளான் காடு

அம்மா வந்து இறங்கிய அன்று அவளுக்கு இருந்த ஒரே கவலை, விளக்கு எப்போது ஏற்றுவது என்பதுதான். மணி எட்டரை. பால்கனியில் இன்னும் வெயில். "என்னட்டி இது, பொழுதே சாயலியே" என்று திரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆகஸ்ட் மத்தியில் ஹெல்சிங்கி பக்கம் சூரியன் மறைய ஒன்பதேகால் ஆகிவிடும். நாங்கள் இருக்கும் எஸ்போவும் அதை ஒட்டிய ஊர்தான். அதன் பிறகு பொழுது நாளுக்கு ஐந்தாறு நிமிடம் குறைந்துகொண்டே வரும். அம்மா அன்றிலிருந்து காலண்டரில் விளக்கு வைத்த நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தாள்.

பின்லாந்துக்கு எப்போது வரலாம் என்று கேட்கிறவர்களுக்கு எல்லோரும் ஜூன் என்பார்கள், இல்லையென்றால் வடக்கே பனியும் துருவ ஒளியும் பார்க்க மார்ச் என்பார்கள். என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும்தான். கொசு ஓய்ந்திருக்கும். ஏரித் தண்ணீரில் கோடையின் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும். காடு முழுக்கத் தின்ன ஏதாவது கிடக்கும். எனக்கே இது புரிய சில வருடங்கள் ஆயின. முதல் இரண்டு வருடமும் ஆகஸ்ட் வந்தாலே இருட்டு வரப்போகிறதே என்று துக்கம் அனுஷ்டித்துக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தேன்.

அம்மா வந்த மறுவாரம் நூக்சியோவுக்குப் போனோம். 1994-இல் அறிவித்த தேசியப் பூங்கா இது. எஸ்போ ரயில் நிலையத்திலிருந்து 245-ஆம் எண் பேருந்து போகிறது. இறங்கிய இடத்திலிருந்து ஹௌக்கலம்பி என்ற குட்டி ஏரிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் நடை. நுழைவுச் சீட்டு கிடையாது, வாசலில் காவலாளியும் கிடையாது. பறக்கும் அணில்தான் இந்தப் பூங்காவின் சின்னம். அது இரவில் நடமாடும் ஜீவன். இத்தனை தடவை போயும் நான் பார்த்தது பலகையில் வரைந்த அணிலை மட்டும்தான்.

ஏரியைப் பார்த்ததும் அம்மா முகம் சுளித்தாள். தண்ணீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. அழுக்கு இல்லை, சுற்றியுள்ள சதுப்பு மண்ணில் மக்கிய தழையின் சாறு ஊறி வருவது என்று சொன்னேன். தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவளுக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. பாலத்தில் உட்கார்ந்து காலை மட்டும் விட்டாள். பத்து நிமிடம் கழித்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, நடுங்கிக்கொண்டே, "தண்ணி நல்ல தண்ணிதான்" என்றாள். பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த ஊரில் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் அந்தத் திரும்பிப் பார்க்காத குணம்தான்.

நடைப்பாதைகளை மரத்தில் வண்ணம் அடித்து அடையாளம் வைத்திருக்கிறார்கள். 4 கிலோமீட்டர் சுற்று ஒன்றில் போனோம். பாறை ஏறி இறங்கும் வழி. இருபுறமும் முழங்கால் உயரத்துக்குச் செடிகள், நிழல் விழுந்த சரிவுகளில் முஸ்திக்கா என்ற காட்டுப் பழம் இன்னும் மிச்சமிருந்தது. கடையில் விற்கும் புளூபெரி வேறு, இது வேறு. இது சின்னது, உள்ளே சதையும் கருநீலம், தின்றால் நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கு ஊதாவாகும். நான் குனிந்து பறிக்க, அம்மா பின்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு தோட்டம்டி இது? ஆளு வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

யாரும் கேட்க மாட்டார்கள் என்று விளக்க வேண்டியிருந்தது. இங்கே காட்டில் நடப்பதும், பழமும் காளானும் பறிப்பதும் எல்லோருக்கும் உள்ள உரிமை. சொந்தக்காரர் வேறு ஆளாக இருந்தாலும் சரி, பறிக்கிறவர் வெளிநாட்டுக்காரராக இருந்தாலும் சரி. வீட்டு முற்றத்துக்குள் போகக்கூடாது, பயிரை மிதிக்கக்கூடாது, மரத்தை வெட்டக்கூடாது, அவ்வளவுதான். பறித்த பழத்தை விற்றால் அந்தக் காசுக்கு வருமான வரிகூடக் கிடையாது. அம்மா நம்பினாளா தெரியவில்லை. முதல் அரைமணி நேரம் ஒவ்வொரு பழத்தையும் சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் பறித்தாள். அப்புறம் முந்தானையை விரித்துவிட்டாள்.

புவொலுக்கா என்ற சிவப்புப் பழம் அப்போது பாதிதான் பழுத்திருந்தது. ஒன்றைக் கடித்துப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, "களாக்காடி இது!" என்றாள். எனக்கு இத்தனை வருடமாகத் தோன்றாதது. அதே துவர்ப்பு, அதே புளிப்பு.

அன்றைக்கு ஒரு கூத்தும் நடந்தது. ஆகஸ்ட், செப்டம்பரில் இந்தக் காடுகளில் ஒரு தட்டையான ஈ பறக்கும். மூஸ் மானின் மேல் ஒட்டிவாழும் ஈ. ஆளைப் பார்த்தாலும் மான் என்று நினைத்து வந்து உட்கார்ந்து, சிறகை உதிர்த்துவிட்டு, முடிக்குள் ஊர்ந்துபோய்விடும். வீட்டுக்கு வந்ததும் பின்கழுத்தில் குறுகுறுவென்றது. அம்மா என்னைப் படியில் உட்கார வைத்து, பெட்டியிலிருந்து பேன் சீப்பை எடுத்தாள். முப்பத்தெட்டு வயதில், அம்மா காலடியில் தலையைக் கொடுத்து உட்கார்ந்தேன். பேன் மாதிரி இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவில் வைத்துக் குத்தினால் அது நசுங்கவில்லை, நழுவி நடந்தது. "இதுக்குத் தோலா, தகரமா" என்று மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வெந்நீரில் போட்டாள்.

இதையெல்லாம் எதிர்வீட்டுப் பாட்டி தன் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். நாங்கள் குடிவந்து நான்கு வருடத்தில் அவரும் நானும் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். அன்று எழுந்து வந்து, தன் தொப்பியைக் கழற்றிக் காட்டி, இதைப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று அம்மாவிடம் சைகையில் சொன்னார். மறுநாள் காலை ஒரு தட்டில் கொர்வபூஸ்தி கொண்டுவந்தார். காதில் விட்ட அறை என்று அர்த்தம் வரும் பெயருடைய சுருட்டு ரொட்டி அது. அம்மா முகர்ந்து பார்த்து, "ஏலக்காய்ல்லா போட்டிருக்காவ!" என்று வியந்துபோனாள். இந்தக் குளிர்நாட்டு மாவில் ஏலக்காய் எப்படி வந்தது என்பதை அவளால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை. பதிலுக்கு அதே தட்டில் தட்டை வைத்துக் கொடுத்தாள். வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது அல்லவா. ஒரு வாரத்தில் பாட்டி "மதினி" ஆகிவிட்டார். அவருக்கும் அந்தச் சொல் பிடித்திருந்தது. தன் பெயரே அதுதான் என்பது போலத் திரும்பினார்.

அவர் ஒரு நாள் சூப் கொண்டுவந்தார். புது உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி, காலிஃபிளவர் எல்லாவற்றையும் தண்ணீரில் வேகவைத்து, கடைசியில் பாலை ஊற்றி இறக்குவது. கோடைச் சூப் என்றுதான் அதற்குப் பெயர். அம்மா ஒரு கரண்டி குடித்துவிட்டு, "சொதியில தேங்காப்பாலுக்குப் பதிலா மாட்டுப்பால ஊத்திட்டாவ. பச்சமொளகாயும் பூண்டும் விட்டுப்போச்சு" என்று தீர்ப்புச் சொன்னாள். எங்கள் திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் சாப்பாடு சொதிதான், கூட இஞ்சித் துவையல். மறுநாள் மதினி வீட்டுக்குச் சொதி போனது. முருங்கைக்காய்க்கு நான் எங்கே போவேன், அது இல்லாத சொதி. மதினி இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

செப்டம்பர் பாதியில் விளக்கு நேரம் ஏழே முக்காலுக்கு வந்துவிட்டது. காலையில் புல்லில் புகை போல மூடுபனி. ஆஸ்பென் மரங்கள் லேசாக மஞ்சளாக ஆரம்பித்தன. தெருமுனை ரோவன் மரத்தில் கொத்துக்கொத்தாகச் சிவப்புப் பழம். ரோவன் இரண்டு சுமை சுமக்காது என்று இங்கே பழமொழி உண்டு. பழம் நிறையக் காய்த்தால் அந்த வருடம் பனி குறைவாம். மதினி அந்த மரத்தைக் காட்டித் திருப்தியாகத் தலையாட்டினார்.

இந்தத் தடவை மூன்று பேரும் போனோம். புவொலுக்கா நன்றாகப் பழுத்திருந்தது. மதினி கையில் முறத்துக்குப் பல் முளைத்த மாதிரி ஒரு கருவி. செடிக்குள் விட்டு வாரினால் பழம் உள்ளே விழும். அம்மா அதை வாங்கி இரண்டு தரம் வாரிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இலையும் சேர்ந்து வருகிறதாம். கையாலேயே மதினிக்கு இணையாகப் பறித்தாள்.

மதியம் நெருப்பு மூட்ட அனுமதித்த இடத்துக்கு வந்தோம். விறகுக் கொட்டகையில் விறகு இலவசம், கோடரியும் கிடக்கிறது, பிளந்துகொள்ள வேண்டியது நம் வேலை. காட்டுத்தீ எச்சரிக்கை இருக்கும் நாட்களில் மூட்டக்கூடாது. மதினி கம்பில் செருகி மக்கரா என்ற சாசேஜைச் சுட்டார். நாங்கள் வாழையிலை இல்லாத குறையோடு அலுமினியத் தாளில் கட்டிவந்த புளியோதரையைப் பிரித்தோம். கரி படிந்த கெட்டிலில் காப்பி. வெயில் முதுகில் விழுந்தது, ஆனால் நிழலுக்கு நகர்ந்தால் குளிர்ந்தது. அம்மா நாள் முழுக்க வெயில் இருந்த பக்கமாகப் பூனை மாதிரி நகர்ந்துகொண்டே இருந்தாள்.

காளான் விஷயத்தில் மதினி கறார். ஊரில் இடி இடித்த மறுநாள் புற்றோரம் காளான் பறித்த அனுபவம் அம்மாவுக்கு உண்டு. அந்தத் தெம்பில் அவள் கூடையில் போட்டதில் மூன்றில் ஒரு பங்கை மதினி பேசாமல் எடுத்து வீசினார். சுப்பிலோவஹ்வெரோ என்று ஒரு காளான், அம்மா வாயில் அது சுப்பிலி. பழுப்புத் தொப்பி, மஞ்சள் தண்டு, புனல் மாதிரி குழிந்திருக்கும். ஒவ்வொன்றாகத் தண்டைக் கிள்ளி, உள்ளே குழலாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் கூடைக்குள் விட்டார். அதன் நடுவிலேயே முளைக்கும் ஆரஞ்சுப் பழுப்புக் காளான் ஒன்று சிறுநீரகத்தையே அழித்துவிடும். தின்ற அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும். இதைப் படித்துவிட்டு நீங்களாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். தெரிந்த ஆளோடு மட்டும் போங்கள்.

அன்று மாலை எங்கள் சமையலறை இரண்டு நாடுகளாகப் பிரிந்தது. மதினி காளானைத் தண்ணீரில் காட்டவே இல்லை. சின்னத் தூரிகையால் மண்ணைத் தட்டி, எண்ணெய் இல்லாத வாணலியில் போட்டார். சலசலவென்று தண்ணீர் விட்டது. அது முழுக்க வற்றி, வாணலி சத்தம் மாறிய பிறகுதான் வெண்ணெய், வெங்காயம், கடைசியில் கொஞ்சம் கிரீம். அவித்த உருளைக்கிழங்கும் சதகுப்பைக் கீரையும் தொட்டுக்கொள்ள. அம்மா பாதியை அந்த வற்றிய நிலையில் வாங்கிக்கொண்டு, நல்லெண்ணெயில் கறிவேப்பிலையும் வெங்காயமும் தாளித்து, இடித்த மிளகும் சீரகமும் தூவிப் பிரட்டினாள். சுடுசோற்றில் பிசைந்து சாப்பிட்டோம். எது நன்றாக இருந்தது என்று கேட்டு என்னை மாட்டிவிடாதீர்கள். சரி, மிளகுதான்.

புவொலுக்காவை மதினி கழுவி, பாட்டிலில் போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி மூடிவிட்டார். முடிந்தது. உப்பு இல்லை, சர்க்கரை இல்லை. அந்தப் பழத்திலேயே பென்சாயிக் அமிலம் இருப்பதால் குளிரான இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. "உப்பில்லாம எப்படி நிக்கும்?" என்று அம்மா தினமும் அந்தப் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். தன் பங்குக்குக் கடுகு, பெருங்காயம், மிளகாய்ப்பொடி, வெந்தயப்பொடி, கொஞ்சம் வெல்லம் போட்டு ஊறுகாய் போட்டாள். தயிர்சாதத்துக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை.

மீதிப் பழத்தில் மதினி விஸ்பிபூரோ செய்தார். பழத்தை வேகவைத்து வடிகட்டி, சர்க்கரை சேர்த்து, அந்தச் சாற்றில் ரவையைத் தூவிக் கிண்டுவது. ரவையைப் பார்த்ததும் அம்மா கேசரி என்று உற்சாகமானாள். ஆனால் மதினி அதை ஆறவைத்து, மத்து மாதிரி ஒன்றால் அடிக்க ஆரம்பித்தார். அடிக்க அடிக்க அடர்சிவப்பு வெளுத்து, ரோஜா நிறத்தில் நுரைத்துப் பொங்கியது. மேலே குளிர்ந்த பால். "நெய்யும் முந்திரியும் இல்ல, சூடும் இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா இரண்டாம் தடவை வாங்கினாள்.

அக்டோபரில் மேப்பிள் எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டது. நான் அலுவலகம் போன நாட்களில் அம்மாவும் மதினியும் எங்கோ போய், கூடை நிறையச் சுப்பிலியோடு திரும்பினார்கள். அடுப்பங்கரையில் அம்மா அதை நூலில் கோத்து மாலை மாலையாகக் காயப்போட்டாள். இந்த ஊர்க்காரர்கள் காளான் கிடைக்கும் இடத்தைச் சொந்தப் பிள்ளைகளிடமே சொல்ல மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மதினி அம்மாவைக் கூட்டிப்போனது அப்படி ஒரு இடத்துக்கு.

நவம்பர் மத்தியில் விசா முடிந்து அம்மா கிளம்பினாள். காலண்டரில் கடைசியாக எழுதியிருந்த விளக்கு நேரம்: 3.50. விமான நிலையத்துக்குப் போகும் வழியில், அந்த இடம் எங்கே என்று கேட்டேன். பேருந்தில் எந்த நிறுத்தம் என்றாவது சொல் என்றேன்.

"சொல்ல மாட்டேன்னு மதினிகிட்ட கையடிச்சுக் குடுத்திருக்கேன்லா" என்றாள்.

"எந்தப் பாஷையிலம்மா கையடிச்சுக் குடுத்த?"

அதற்குப் பதில் சொல்லாமல், ஊறுகாய் பாட்டிலை நேராக நிறுத்தி வைத்திருக்கிறேனா என்று கேட்டாள்.