கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஏஐ படித்தேன்

மன்னார்குடியில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். படித்தது பி.காம், கோடிங் ஒரு வரி தெரியாது. போன புரட்டாசியில்தான் ஏஐ என்கிற செயற்கை நுண்ணறிவைச் சொல்லித்தரும் 'எலிமெண்ட்ஸ் ஆஃப் ஏஐ' இணைய வகுப்பில் சேர்ந்தேன். பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகமும் ரியாக்டர் என்ற மென்பொருள் நிறுவனமும் 2018-ல் தொடங்கியது, முழுக்க இலவசம், மொத்தம் ஆறு பாடம்.

முதல் பாடம் பெரும்பாலும் வாசிப்புதான், ஓடிவிட்டது. இரண்டாவதில் ஒரு ரோபோ படகில் நரி, கோழி, கோழித்தீவனம் மூன்றையும் அக்கரை சேர்க்க வேண்டும். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, பாமணியாற்றுக் கரையில் அப்பாயி போட்ட புலி, ஆடு, புல்லுக்கட்டு விடுகதைதானே இது! ஆனால் விடை மட்டும் சொன்னால் போதாது. யார் எந்தக் கரையில் என்று எல்லா நிலையையும் எழுத வேண்டும். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன், 16 வந்தது. ஒன்றை ஒன்று தின்றுவிடும் நிலைகள் 6, அவற்றை அடித்துவிட்டு மிச்சம் 10-க்கும் நடுவே கோடு போட்டால் ஏழே நடையில் வழி தெரிகிறது. கம்ப்யூட்டர் 'தேடுகிறது' என்பது இதுதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மூன்றாவது பாடத்தில் ஒரு வாரம் நின்றுவிட்டேன். நிகழ்தகவு. நூறு பெண்களில் 5 பேருக்கு மார்பகப் புற்றுநோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நோய் இருப்பவர்களில் 80 சதவீதம் பேரை மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே சரியாகக் காட்டும், இல்லாதவர்களிலும் 10 சதவீதம் பேருக்கு 'இருக்கிறது' என்று காட்டிவிடும், அப்படியானால் பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 80 என்றுதான் நினைத்தேன். சூத்திரம் பிடிபடவில்லை, சரி, ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம் என்று தலை எண்ணினேன். நோயுள்ள 50 பேரில் 40, நோயில்லாத 950 பேரில் 95. ஆக 135 பாசிட்டிவில் 40 பேருக்குத்தான் நோய், 30 சதவீதம்கூட இல்லை. இரண்டு வருஷம் முன்னால் என் அக்காவுக்கு இந்த டெஸ்டில் சந்தேகம் என்று வந்து, அடுத்த பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று தெரியும் வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தத் தாளை அக்காவிடம் காட்டினேன், வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான்கு, ஐந்து, ஆறு அவ்வளவு கஷ்டமில்லை. உண்மையில் தடுத்தது இங்கிலீஷ்தான். சில பயிற்சிகளுக்குப் பத்தியாக எழுத வேண்டும், கூடப் படிப்பவர்கள் அதைப் படித்து மதிப்பிடுவார்கள், நாமும் அவர்களுடையதைப் படிக்க வேண்டும். நான் முதலில் தமிழில் எழுதிவிட்டு, அப்புறம் சின்னச் சின்ன வாக்கியமாக மாற்றினேன். யாரும் குறை சொல்லவில்லை. 90 சதவீதப் பயிற்சியை முடித்து அதில் பாதியாவது சரியாக இருந்தால் சான்றிதழ், அதற்கும் காசு கிடையாது. எனக்குக் கார்த்திகையில் வந்தது.

இப்போது அவர்களுடைய அடுத்த வகுப்பான 'பில்டிங் ஏஐ'யில் கோடிங் தேவைப்படாத தொடக்கநிலையில் சேர்ந்திருக்கிறேன், ராத்திரி கடை சாத்தி வந்தபிறகு ஒரு மணி நேரம்.