முதன்மை உருவம் இல்லாத திருவிழா

அருங்காட்சியக ஓவியங்களுக்கு, பார்வையற்றோரும் கேட்டு அறியும் வகையில் விவரணை எழுதுவது என் பணி. எங்கள் படிவத்தின் முதல் கட்டம் 'முதன்மை உருவம்' என்பது. அரசரின் உருவப்படம் என்றால் அது நொடியில் நிரம்பிவிடும்; ஸ்பானிய ஓவியர் கோயா 1788-இல் வரைந்த 'சான் இசித்ரோ புல்வெளி'க்கு நெடுநேரம் காலியாகவே கிடந்தது.

சான் இசித்ரோ உழவர்களின் புனிதர். மத்ரித் நகரின் காவலரும் அவரே. மே 15-ஆம் நாள், அவருடைய திருவிழாவுக்கு நகரமே மன்சனாரெஸ் ஆற்றைக் கடந்து வந்து, சிற்றாலயத்தின் ஊற்றுநீரைப் பருகிவிட்டுப் புல்வெளியில் உண்டு களிக்கும். இதை கோயா மேட்டின் மேலிருந்து பார்க்கிறார். முன்புறச் சரிவில் நன்றாக உடுத்தியவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி மது ஊற்றுகிறாள், இன்னொருத்தி குடை பிடித்திருக்கிறாள். கீழே வண்டிகளும் குதிரைகளுமாகப் பெருந்திரள். அதற்கும் அப்பால் வெளிறிய ஆறு, அக்கரையில் அரண்மனையும் சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தின் குவிமாடமும். திரளைத் திரையில் பெரிதாக்கினால் முகங்கள் கிடைப்பதில்லை. ஒரு வெள்ளைப் பொட்டு, ஒரு கறுப்புத் தீற்றல், அவ்வளவுதான்.

குடை பிடித்த பெண்ணையே முதன்மை உருவமாகக் குறிக்கலாம் என்றார் மேற்பார்வையாளர். நான் இணங்கவில்லை. அவளை முதலில் சொன்னால், கேட்பவர் மனத்தில் மற்றவர்கள் எல்லாம் அவளுக்குப் பின்னணியாகிவிடுவார்கள். ஓவியமோ கண்ணை அவளைத் தாண்டி ஆற்றை நோக்கி இறக்கிவிடுகிறது.

சுமார் 42 சென்டிமீட்டர் உயரமும் 91 சென்டிமீட்டர் அகலமுமே உள்ள இது, எல் பார்தோ அரண்மனையில் இளவரசிகளின் படுக்கையறைக்கு நெய்யவிருந்த சுவர்த் திரைச்சீலைக்கான முன்வரைவு. அந்த டிசம்பரில் மூன்றாம் கார்லோஸ் மன்னர் இறந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. அதுவும் நல்லதே என்பேன்: தறிக்குத் தெளிவான விளிம்புகள் வேண்டும், இந்தப் பொட்டுகளுக்கெல்லாம் மூக்கும் முழியும் வைத்தாக வேண்டியிருந்திருக்கும்.

கடைசியில், 'ஆற்றங்கரைத் திருவிழாக் கூட்டம்' என்று எழுதி, மேட்டிலிருந்து ஆறுவரை பார்வை இறங்கும் வரிசையிலேயே விவரணையை அமைத்தேன். இதே யாத்திரையை கோயா 1820-க்குப் பின் தம் வீட்டுச் சுவரில் இருண்ட வண்ணங்களில் மீண்டும் வரைந்தார். அதற்கு எனக்குத் தயக்கமே வரவில்லை. கிதாரோடு வாய் பிளந்து பாடுபவரை முதல் கட்டத்தில் எழுதினேன்.