செம்மண் குடுவை, மணற்பாறைக் குடுவை: மூன்று அறுவடைக் குறிப்புகள்

எங்கள் வீட்டு கராஜில் ஒயின் செய்யும் இரண்டு கண்ணாடிக் குடுவைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 23 லிட்டர். ஒன்றின் கழுத்தில் ‘செ’ என்று ஒட்டியிருக்கிறேன், மற்றதில் ‘ம’. செம்மண், மணற்பாறை. இரண்டிலும் பினோ நுவார் திராட்சைதான், அதிலும் பொமார் என்ற ஒரே நாற்று வகை. ஈஸ்ட் ஒன்று, கை ஒன்று. மண் மட்டும்தான் வேறு என்று மூன்று வருடமாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். அந்தப் பேச்சில் எவ்வளவு நிற்கிறது, எவ்வளவு உதிர்ந்துபோனது என்று எழுதிவைக்கிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்தின் ஹில்ஸ்பரோவில். தெற்கே முக்கால் மணி நேரம் காரில் போனால் டண்டீ மலைச்சரிவு வந்துவிடும். அங்குள்ள மண்ணுக்கு ஜோரி என்று பெயர். சுமார் 1.5 கோடி வருடங்களுக்கு முன் கிழக்கே நிலம் பிளந்து வழிந்துவந்த எரிமலைக் குழம்பு பசால்ட் பாறையாக இறுகி, அந்தப் பாறை மக்கி உண்டான செம்மண். செருப்பில் ஒட்டினால் இரண்டு முறை கழுவினாலும் போகாது. முதல் முறை போனபோது என் மனைவி, “இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம், புதுக்கோட்டைப் பக்கம் போயிருக்கலாமே” என்றாள். ஆனால் இந்தச் சரிவில்தான் 1966இல் டேவிட் லெட் பினோ நுவார் கொடிகளை நட்டார். அவருடைய 1975ஆம் வருட ஒயின் 1979இல் பாரிஸ் போட்டியில் முதல் பத்துக்குள் வந்தது. அதை நம்பாமல் பிரான்ஸில், பினோ நுவாரின் தாயகமான பர்கண்டியின் துரூவான் என்ற ஒயின் குடும்பம் மறு வருடம் போன் நகரில் திரும்பப் போட்டி வைத்தது. அதில் இரண்டாம் இடம். 1987இல் அந்தக் குடும்பமே டண்டீயில் வந்து நிலம் வாங்கியது.

மேற்கே யாம்ஹில், கார்ல்டன் ஊர்களைச் சுற்றி வேறு மண். பழைய கடலடிப் படிவு மேலெழுந்து, மணற்பாறையும் வண்டல்பாறையும் மக்கி உண்டான பழுப்பு மண். வில்லாகென்சி என்பார்கள். இரண்டு மேட்டுக்கும் இடையிலுள்ள சமவெளியில், பனியுகக் கடைசியில் மிசூலா வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கிடக்கிறது. என்ன போட்டாலும் விளையும். அதனாலேயே பினோ நுவாருக்கு ஆகாது: கொடி இலையாக அடித்துத் தள்ளும், பழத்தைக் கவனிக்காது. எனவேதான் நல்ல தோட்டங்கள் ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்துக்கு மேலேதான் தொடங்குகின்றன.

2022, முதல் வருடம். ஏப்ரலில் பனி கொட்டி எல்லாம் தாமதமான வருடம். டண்டீயில் ஒன்று, மேற்கே பழுப்பு மண்ணில் ஒன்று என இரண்டு தோட்டங்களிலிருந்து தலா 45 கிலோ பழம் வாங்கினேன். ‘ம’ அக்டோபர் 6ஆம் தேதி வந்தது, சர்க்கரை 24.6 பிரிக்ஸ், அதாவது நூறு கிராம் சாற்றில் ஏறத்தாழ அத்தனை கிராம். ‘செ’ எட்டு நாள் கழித்து, 23.1. காம்பைக் கிள்ளி, பழத்தை நசுக்கி, உணவுத்தரப் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, மேலே திரண்டு வரும் தோலை ஒரு நாளைக்கு மூன்று வேளை அமுக்கிவிட்டேன். பிழிந்து குடுவைக்கு மாற்றி, எட்டு மாதம் கழித்து ருசி பார்த்தால் அப்படியே புத்தகத்தில் உள்ளதுபோல் இருந்தது. ‘செ’ செர்ரியும் மாதுளையும்போல் புளிப்போடு மெல்லிசாக. ‘ம’ நாவல்பழம் தின்ற நாக்குபோல் கருத்து, துவர்த்து. மண் பேசுகிறது என்று குதித்தேன்.

டண்டீ தோட்டக்கார அம்மாவுக்கு ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “இரண்டையும் ஒரே இனிப்பில் பறித்தீர்களா?” இல்லை. ‘ம’ நன்றாகப் பழுத்தது, ‘செ’ எட்டு நாள் கழித்து வந்தும் அந்த அளவு பழுக்குமுன் பறித்தது. அந்த வித்தியாசத்தில் பாதியாவது பறித்த நாளின் வேலை. நான் மொத்தத்தையும் மண்ணின் கணக்கில் எழுதியிருந்தேன். போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். தன் கொடிகள் எழுபதுகளில் சொந்த வேரில் வைத்தவை, ‘ம’ தோட்டத்துக் கொடிகள் பிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி வந்த பிறகு வேறு வேரில் ஒட்டுக்கட்டியவை. அதை இன்றுவரை என்னால் சரிக்கட்ட முடியவில்லை.

2023. இந்த முறை பழம் வாங்குவதற்கு முன் மண்ணைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஆகஸ்ட் கடைசி, ஜூன் முடிந்ததிலிருந்து மழை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை, இரண்டு தோட்டத்திலும் நீர்ப்பாசனமும் இல்லை. கையால் திருகும் துளைக்கருவி ஒன்றைக் கடன் வாங்கிப் போனேன். ‘செ’ தோட்டத்தில் மேல் ஒரு சாண் புழுதி. அதற்குக் கீழே மூன்றடியில் எடுத்த மண்ணை உள்ளங்கையில் வைத்து மூடித் திறந்தால் கொழுக்கட்டைபோல் விரல் தடத்தோடு நின்றது. கருவி இன்னும் இறங்கியது, நான்தான் களைத்து நிறுத்தினேன். ‘ம’ தோட்டத்தில் அதே மூன்றடியில் கருவி நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தால் முனையில் மஞ்சள் நிறக் கல். நகத்தால் கீறினால் உதிர்கிற அளவு மெத்தென்ற கல். அதற்கு மேலிருந்த மண் பிடித்தால் நிற்கவில்லை, விரலிடுக்கில் கொட்டியது.

அங்கேயே நிமிர்ந்து கொடியின் நுனியைப் பார்த்தேன். ‘ம’வில் நுனிகள் வளர்வதை நிறுத்தியிருந்தன, பற்றுச்சுருள்கள் காய்ந்து தொட்டால் விழுந்தன. காலையில் பார்த்த ‘செ’வில் இளம் பச்சை நுனி இன்னும் நீண்டுகொண்டிருந்தது. இந்தப் பொழுதுபோக்கில் எனக்குக் கிடைத்த உருப்படியான பாடம் அந்த ஒரு பகலில்தான் கிடைத்தது. பாறையின் ருசி வேர் வழியே ஏறி நாக்குக்கு வருவதில்லை. கொடி உறிஞ்சும் உப்புகள் மிகச் சொற்பம், பசால்டுக்கும் மணற்பாறைக்கும் தனி ருசியும் கிடையாது. மண் செய்வது தண்ணீர்க் கணக்கு. களியும் ஆழமும் உள்ள ஜோரி ஆகஸ்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. மேலோட்டமான வில்லாகென்சி சீக்கிரம் கையை விரிக்கிறது. தாகம் கண்ட கொடி வளர்ச்சியை விட்டுப் பழத்தைப் பார்க்கப் போகிறது. நூறு பழங்களை எண்ணி நிறுத்தேன்: ‘செ’ 112 கிராம், ‘ம’ 94 கிராம். பழம் சிறுத்தால் சாற்றுக்குத் தோல் அதிகம். நிறம் தோலில்தான் இருக்கிறது, துவர்ப்பிலும் ஒரு பங்கு. பினோ நுவாரின் தோல் மெல்லியது, நிறமும் குறைவு. அதனால் இந்தச் சின்ன வித்தியாசம்கூட மறைய இடமில்லாமல் தெரிந்துவிடுகிறது. தோல் தடித்த கபர்னே திராட்சையில் இதையே செய்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அந்த வருடம் இரண்டையும் 24 பிரிக்ஸை ஒட்டிப் பறிக்க வைத்தேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, நான்காம் நாள் வரை. கராஜ் கதவைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். ‘ம’ தொட்டி. சாற்றில் நைட்ரஜன் போதாமல் ஈஸ்ட் பட்டினி கிடந்தால் இப்படித்தான் கந்தக வாடை விடும். ஈஸ்ட் உணவைக் கரைத்து ஊற்றி, ஒயினை உயரத்திலிருந்து வேறு தொட்டிக்குச் சளசளவென்று கொட்டிக் காற்றோட்டம் கொடுத்தேன். நாற்றம் போனது. ஒப்பீடும் போனது: ஒன்றுக்கு உணவும் காற்றும் கொடுத்தேன், மற்றதற்குக் கொடுக்கவில்லை. குடிக்க நன்றாகத்தான் இருந்தது, பரிசோதனை என்று சொல்ல முடியாது.

2024இல் இரண்டுக்கும் முதலிலேயே அளந்து உணவு போட்டேன். இரண்டு தோட்டத்திலும் வெப்பமானி தொங்கவிட்டேன். ‘செ’ 220 மீட்டர் உயரத்தில், ‘ம’ 120 மீட்டரில். பகலில் ‘ம’ அதிகச் சூடு, அது நான் எதிர்பார்த்ததே. இரவில் ‘ம’தான் அதிகக் குளிர். கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கிக் கீழே தேங்குகிறது, மேட்டிலுள்ள ‘செ’ அதற்குத் தப்பிவிடுகிறது. ஆக நான் மண் என்று சொல்லிவந்ததில் உயரமும் இரவும் கலந்திருக்கின்றன. பர்கண்டியில் சிஸ்டர்சியன் துறவிகள் மதில் கட்டிய குளோ த வூஜோ 50 ஹெக்டேர் தோட்டம், முழுவதும் ஒரே பெயர், ஒரே தரம். மேற்பகுதியில் சுண்ணாம்புக் கல்லும் நல்ல வடிகாலும். கீழே சாலையோரம் களிமண்ணும் ஈரமும். ஒரே மதிலுக்குள்ளேயே மண்ணையும் சரிவையும் பிரிக்க முடியாதபோது, அரை மணி நேரத் தூரத்திலுள்ள இரண்டு தோட்டங்களை வைத்து நான் என்ன பிரிக்கப் போகிறேன்?

இருந்தாலும் ருசி பார்க்கும் சோதனையை விடவில்லை. 2025 ஆகஸ்டில் ஆறு பேரைக் கூப்பிட்டேன். ஆளுக்கு மூன்று டம்ளர். இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்று எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். ஒயின் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், ஆனால் காரியம் நடந்தது. ஆறில் நான்கு பேர் சரியாகச் சொன்னார்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே நான்கோ அதற்கு மேலோ சரியாக அமைய பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு, எனவே மார்தட்ட எதுவுமில்லை. சரியாகச் சொன்னவர்களில் என் மனைவியும் ஒருத்தி. “இதில் மட்டும் கொட்டைப்பாக்கு கடித்த மாதிரி ஈறைப் பிடிக்கிறது” என்று ‘ம’வைத் தள்ளிவைத்தாள். நான் பக்கம் பக்கமாக எழுதிய குறிப்பில் அந்த வாக்கியம் இல்லை.

போன வாரம் தோட்டக்கார அம்மாவைக் கூப்பிட்டு, இரண்டு மண்ணும் ஒரே தோட்டத்தில் இருக்கிற இடம் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தார். தெரிந்தவர் தோட்டம் ஒன்றில் பதினான்காம் வரிசையின் நடுவில் நிறம் மாறுகிறதாம், மேல்பாதி சிவப்பு, கீழ்பாதி பழுப்பு. நட்ட வருடம் ஒன்று, ஒட்டு வேரும் ஒன்று. இரண்டு முனையிலிருந்தும் 45 கிலோ தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். செப்டம்பர் கடைசி வாரத்துக்குத் தொட்டிகளைக் கழுவி வைத்துவிட்டேன்.