வண்டியின் ஓரத்தில் இருக்கும் காய்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வரும் காய்கறித் தள்ளுவண்டியின் நடுவில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் ஆகியவை குவிந்திருக்கும். கோவைக்காய், கொத்தவரங்காய், பீர்க்கங்காய், வாழைப்பூ, சுண்டைக்காய் எல்லாம் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கப்பட்டிருக்கும். எது சீக்கிரம் விற்றுத் தீருமோ அதைத்தான் வியாபாரி நடுவில் வைப்பார் என்பதால், அந்த வண்டியைப் பார்த்தாலே தெருவிலுள்ள வீடுகளில் என்ன சமையல் நடக்கிறது என்பது தெரிந்துவிடும். வாரம் முழுவதும் அதே ஐந்தாறு காய்கள்தாம் சாம்பாராகவும் பொரியலாகவும் குருமாவாகவும் மாறி மாறி வருகின்றன. சமையலின் பெயர் மாறுகிறதே தவிர, உள்ளே போகும் காய் மாறுவதில்லை.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குக் கீரையும் சேர்த்துக் காய்கறிகள் 400 கிராம், பழம் 100 கிராம் என்று குறிப்பிட்டிருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் காய் வேண்டும் என்பது இதன் பொருள். உருளைக்கிழங்கையும் மரவள்ளியையும் உலக சுகாதார நிறுவனம் காய்கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அவை சோற்றைப் போலவே மாவுச்சத்துதான். தட்டு நிறையச் சோறும், ஓரத்தில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு வறுவலுமாகச் சாப்பிட்டால் அன்றைக்குக் காய் சாப்பிட்டதாகவே கொள்ள முடியாது.

அளவைக் கூட்டுவதைப் போலவே வகையைக் கூட்டுவதும் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். எந்த ஒரு காயிலும் எல்லாச் சத்தும் இருப்பதில்லை. பரங்கிக்காய், கேரட், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. அது உடலில் சேர்வதற்குக் கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ துணை வேண்டும் என்பதால், நம் பரங்கிக்காய்க் கூட்டில் போடும் தேங்காயும் தாளிப்பும் வீண் அல்ல. கீரைகளில் ஃபோலேட் என்னும் பி வகை வைட்டமினும் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. நாவல்பழத்தின் கருநீலத்தில் இருப்பது வேறொரு பொருள், தக்காளியின் சிவப்பில் இருப்பது இன்னொன்று. நார்ச்சத்தும் காய்க்குக் காய் மாறுபடும். குடலில் வாழும் நல்ல நுண்ணுயிரிகளுக்குப் பலவகை நார்கள் கிடைப்பது நல்லது.

இதற்காகப் புதுச் சமையல் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டில் ஏற்கெனவே எல்லோரும் விரும்பிச் சாப்பிடுவதற்குள் புதிய காயை நுழைப்பதுதான் நான் கண்ட எளிய வழி. காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் எங்கள் வீட்டில் மீன் குழம்பும் கருவாட்டுக் குழம்பும் அடிக்கடி உண்டு. என் மாமியார் கருவாட்டுக் குழம்பில் கத்திரிக்காயோடு முருங்கைக்காய், மொச்சை, வாழைக்காய் என்று சட்டி கொள்ளும் மட்டும் போடுவார். அந்தக் குழம்பு வைத்த நாளில் காய் வேண்டாம் என்று ஒதுக்குகிறவர் யாருமில்லை. குழந்தைகளுக்குக் கோவைக்காயை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, மிளகாய்த்தூள் போட்டு, கொஞ்சம் எண்ணெயில் ஓரம் முறுகும்வரை வதக்கிக் கொடுத்தால் உருளைக்கிழங்கைத் தேட மாட்டார்கள். புதிய காயைக் கால் கிலோ மட்டும் வாங்குங்கள். பிடிக்காவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை, பிடித்துவிட்டால் அடுத்த முறை அரை கிலோவாக வாங்கலாம்.

வாழைத்தண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்னும் நூடுல்ஸ் உணவை விற்கும் கடைகள் வடசென்னையில் பல இடங்களில் உண்டு. அங்கே சூடாகத் தரும் வாழைத்தண்டு சூப்பை ரசித்துக் குடிக்கும் பலர், வீட்டில் வாழைத்தண்டு என்றால் வேலை அதிகம் என்று ஒதுங்குகிறார்கள். உண்மையில் அது கால்மணி நேர வேலைதான். வெளிப்பட்டைகளை உரித்துவிட்டு வட்டமாக நறுக்கும்போது, ஒவ்வொரு வில்லைக்கும் இடையில் நூல் போல வரும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போக வேண்டும்; முடிவில் விரலில் வெள்ளை மோதிரம் போல அது சேர்ந்துவிடும். நறுக்கியதை உடனே மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. பாசிப்பருப்போடு வேகவைத்துக் கூட்டாகவோ, தயிரில் பச்சையாகப் பச்சடியாகவோ செய்யலாம்.

கீரையிலும் இதே கதைதான். பல வீடுகளில் கீரை என்றாலே அரைக்கீரை அல்லது சிறுகீரைதான். காலையில் கூடையோடு வரும் கீரைக்காரம்மா ஒருவர், "அரக்கீர தெனமும் கெடைக்கும்மா, பொன்னாங்கண்ணி வந்துகீது, இன்னிக்கு இத்த எடுத்துக்கம்மா" என்று அவராகவே ஒரு கட்டை எடுத்து நீட்டுவார். அவர் சொல்வதைக் கேட்டு வாங்கினாலே மணத்தக்காளி, புளிச்சகீரை, முருங்கை, பசலை, வெந்தயக்கீரை, அகத்தி என்று மாதத்துக்குள் ஒரு சுற்று வந்துவிடலாம். அகத்தியிலும் முருங்கையிலும் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். கீரையில் உள்ள இரும்பு உடலில் நன்றாகச் சேர வேண்டுமானால், அதோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் வழக்கத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட வேண்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தச்சோகை இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிச்சமிருக்கும் ரசத்தை ஊற்றிச் சாப்பிடும் பெண்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கீரையில் உங்கள் பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

பழத்தின் விஷயத்தில் ஆப்பிளுக்கு நாம் தரும் மரியாதை அளவுக்கு மீறியது. நோயாளியைப் பார்க்கப் போனாலும் ஆப்பிள், குழந்தைக்குச் சத்து வேண்டும் என்றாலும் ஆப்பிள். 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி 10 மில்லிகிராமைக்கூடத் தொடுவதில்லை. அதே எடையுள்ள வெள்ளைக் கொய்யாவில் அது சுமார் 200 மில்லிகிராம், அதாவது நடுத்தர அளவுள்ள ஒரு கொய்யாவே ஒரு நாள் தேவையைத் தாண்டிவிடுகிறது; விலையோ ஆப்பிளைவிடக் குறைவு. டிராகன் பழமும் கிவியும் கெட்டவை அல்ல, ஆனால் அவற்றை வாங்க முடியவில்லையே என்று யாரும் வருந்த வேண்டாம். கோடையில் நுங்கும் கிர்ணிப்பழமும், ஆடி வாக்கில் நாவல்பழமும், அதன் பிறகு சீதாப்பழமும், பொங்கலுக்கு முன்னும் பின்னும் இலந்தைப்பழமும் நம் தெருவுக்கே வருகின்றன. சாறு பிழிந்து வடிகட்டிச் சர்க்கரை போட்டுக் குடிக்காமல், பழமாகவே கடித்துச் சாப்பிட்டால்தான் நார்ச்சத்து முழுதாகக் கிடைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் பொட்டாசியம் காரணமாக எந்தக் காய், எந்தப் பழம், எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிய நெல்லிக்காயைக் குழந்தைகள் துவர்ப்புக்காக மறுப்பார்கள். இரண்டு நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி, தேங்காய், ஒரு பச்சை மிளகாய், உப்போடு அரைத்துத் தயிரில் கலந்து கடுகு தாளித்துவிட்டால், சாம்பார் சாதத்துக்கும் தக்காளி சாதத்துக்கும் பொருத்தமான பச்சடி ஆகிவிடுகிறது. அடுப்பில் வேகவைக்காததால் வைட்டமின் சியும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.