மேகத்தில் வைத்த வில்

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று ஓய்வுநாள் பள்ளியில் நோவாவின் பாடம். வண்ணம் தீட்டப் படம் கொடுத்திருந்தேன்: பேழை, கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து, அதற்கும் மேலே ஏழு வளைகோடுகள். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரே ஊதாப் பென்சில் என்பதால் அடிதடி. இனி ஜலத்தால் உலகத்தை அழிப்பதில்லை என்று தேவன் கொடுத்த வாக்குக்கு அடையாளம்தான் வானவில் என்று சொல்லி முடிக்கும்போது கடைசி வரிசைச் சிறுமி கையைத் தூக்கினாள். அவளுடைய அம்மாவுக்குக் குளச்சல் பக்கம் சொந்தங்கள் உண்டு.

"அப்படியானால் சுனாமி எப்படி வந்தது, சாரே?"

அவள் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள்; அதுவும் ஒரு ஞாயிறுதான். குளச்சலையும் மணக்குடியையும் வீட்டில் பேசக் கேட்டே வளர்ந்திருப்பாள்.

மணி அடித்துவிட்டது, மீதியை அடுத்த வாரம் பார்ப்போம் என்றேன். மணி அடிக்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

மாலை நாலரைக்கு நல்ல மழை. கருங்கல் சந்தையிலிருந்து நனைந்துகொண்டே வந்தேன். வீட்டு முற்றத்தை மிதிக்கும்போது மேற்கே வெயில் அடிக்க, கிழக்கே வேளிமலைப் பக்கம் முழு வில். என்னைக் கேலி செய்யவே வந்ததுபோல இருந்தது.

அம்மா இருந்தவரை 'மழைவில்லு' என்றுதான் சொல்வாள். விளவங்கோட்டுத் தமிழில் மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கோடு போட முடியாது. பழைய இலக்கியத்தில் திருவில், இந்திரவில் என்றெல்லாம் பெயர்கள் உண்டு. எந்தப் பெயரை எடுத்தாலும் 'வில்' மட்டும் மாறுவதில்லை.

அறிவியல் ஆசிரியனாக முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்த படம்தான். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். மழை எதிரே இருக்க வேண்டும். துளிக்குள் புகுந்து திரும்பும் ஒளி ஏறத்தாழ 42 பாகைக் கோணத்தில் கண்ணுக்கு வர வேண்டும். சூரியன் அதைவிட உயரத்தில் நின்றால் தரையில் நிற்பவனுக்கு வில் தெரியாது. அதனால் நம் ஊரில் உச்சிவெயிலில் வானவில் கிடையாது; காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே. பக்கத்தில் நிற்பவர் பார்ப்பதுகூட அவருக்கென்று வேறு துளிகள் காட்டும் வேறு வில்தான்.

இவ்வளவும் தெரிந்த மனிதனுக்கு ஒரு சிறுமிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கொடியில் கிடந்த துணியை எடுக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 15, புதன்

ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தை மூன்று முறை வாசித்தேன். பாடம் நடத்துபவனாக வாசிக்காமல், கேள்வி கேட்கப்பட்டவனாக வாசித்தேன்.

முதலில் ஒன்று: அங்கே நிறங்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஏழு என்ற கணக்கு நியூட்டனுக்குப் பிறகு பழகியது. நான் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஏழு கோட்டில் நோவாவைவிட நியூட்டன்தான் அதிகம்.

இரண்டாவது, எபிரெயத்தில் அந்தச் சொல் 'கெஷெத்'. போர்வீரன் கையில் பிடிக்கும் வில்லும் அதே சொல்தான். கர்த்தர் தம் வில்லை நாணேற்றுகிறார் என்று சங்கீதமும் புலம்பலும் பேசும் இடங்களில் நிற்பதும் அதுவே. தமிழிலும் ஒரே சொல் என்பதால் மொழிபெயர்ப்பில் எதுவும் கெடவில்லை. ஆனால் வானவில், வானவில் என்று சொல்லிச் சொல்லி அது ஆயுதம் என்பதை நாம்தான் மறந்துவிட்டோம். வெள்ளம் வடிந்தபின் அந்த ஆயுதத்தைக் கழற்றி மேகத்தில் மாட்டிவைக்கிறார்.

"நான் என் வில்லை மேகத்தில் வைத்தேன்." வைப்பேன் என்று இல்லை, வைத்தேன். 13-ஆம் நூற்றாண்டு யூத உரைகாரர் நாக்மானிடிஸ் இந்த இறந்தகாலத்தைப் பிடித்துக்கொண்டார்: வெயிலும் ஈரக்காற்றும் இருந்த நாளிலிருந்தே வில் உண்டு, அன்றைக்கு அது அடையாளம் ஆயிற்று, அவ்வளவுதான் என்றார். புராட்டஸ்டண்டு சீர்திருத்தக்காரர் கால்வினும் ஏறக்குறைய இதையே சொல்கிறார். என் 42 பாகைக்கு ஆபத்து இல்லை. அப்பமும் திராட்சரசமும் கடைசி இராப்போஜனத்துக்கு முன்பே எல்லார் வீட்டிலும் இருந்தவைதானே.

மூன்றாவதுதான் என்னை நிறுத்தியது. அந்த வில்லை யார் பார்க்க வேண்டும்? நோவா பார்த்து ஆறுதல் அடையட்டும் என்று 16-ஆம் வசனம் சொல்லவில்லை. மேகத்தில் வில் தோன்றும்போது நான் அதை நோக்கிப்பார்ப்பேன், உடன்படிக்கையை நினைவுகூருவேன் என்று தேவன் தமக்கே சொல்லிக்கொள்கிறார். மறக்கக் கூடாத ஒன்றுக்காக நாம் முந்தானையில் முடிச்சுப் போடுவதில்லையா? இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு நான் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

உடன்படிக்கை மனிதரோடு மட்டும் இல்லை. பறவைகள், நாட்டு மிருகங்கள், காட்டு மிருகங்கள், பூமி எல்லாவற்றோடும். அவற்றிடம் பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை.

இதில் எதுவும் சிறுமிக்குப் பதில் ஆகாது. எல்லாரையும் அழிப்பதில்லை என்பதுதான் வாக்கு. உன் சித்தப்பாவைக் கடல் எடுக்காது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. சட்டப்படி சரி. அதை வைத்துக்கொண்டு குளச்சலில் போய் நிற்க முடியுமா?

அக்டோபர் 19, ஞாயிறு

நல்லவேளை, சிறுமி வரவில்லை. ஆராதனை முடிந்ததும் ஆயரைப் பிடித்தேன். வில் வளைந்திருக்கும் திசையைப் பாருங்கள், அம்பு வைத்தால் வானத்தை நோக்கியே பாயும். அந்த அம்பைச் சிலுவையில் கிறிஸ்துவே ஏற்றுக்கொண்டார் என்றார். அழகான பிரசங்கம், நானும் நெகிழ்ந்தேன். ஆனால் திசையைப் பற்றி வசனத்தில் எதுவும் இல்லை.

அக்டோபர் 22, புதன்

தூத்தூர்ப் பக்கத்து நண்பர் தொலைபேசியில் அழைத்தார். இருபது ஆண்டுகள் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம்; அவர் கத்தோலிக்கர். எங்கள் வேதாகமத்தில் இல்லாத சீராக் ஆகமத்தில் வானவில்லைப் பார்த்து, படைத்தவரைப் புகழச் சொல்லியிருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். நான் விடுவேனா? பாபிலோன் சிறையிருப்பில் கேபார் நதிக்கரையில் எசேக்கியேல் கண்டதையும், பத்மு தீவில் யோவான் சிங்காசனத்தைச் சுற்றி மரகதம்போலக் கண்டதையும் எடுத்துவிட்டேன். இரண்டு பேரும் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் என்பது பேசும்போதுதான் உறைத்தது.

அதே யோவான் கடைசியில் சமுத்திரமும் இல்லாமற்போயிற்று என்கிறார் என்றேன். நண்பர் சிரித்தார். "கடல் இல்லாத மோட்சத்தில் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள், சாரே?"

நவம்பர் 2-க்கு வரச் சொன்னார்.

அக்டோபர் 26, ஞாயிறு

மழை. வகுப்பு இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர மூன்று மணி. கல்லறைத் தோட்டம் முழுவதும் பூவும் மெழுகுதிரியும். நண்பரின் தம்பி மனைவி அங்கே வரவில்லை. வர அவளுக்கு அங்கே கல்லறை இல்லை. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் பக்கத்தில் ரப்பர் மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன, பல நாள் மின்சாரம் இல்லை, அதைப் பெரிய துயரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். இவர்கள் ஊர்களில் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கப் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை; உடல்கூடக் கிடைக்காதவர்கள் உண்டு. அவள் கணவரும் அப்படித்தான்.

கடற்கரையில் உட்கார்ந்திருந்தாள். திரியைக் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு சிரட்டைக்குள் ஊன்றிவைத்தாள். தூறல் விழுந்தது. கடல்மேல் வெயில் அப்படியே இருந்தது. நாங்கள் எல்லாரும் கடலைப் பார்த்தபடி நின்றோம்.

எனக்குத்தான் பழக்கதோஷம், திரும்பிப் பார்த்தேன். ஊருக்கு மேலே, தென்னைகளுக்கும் கோயில் கோபுரத்துக்கும் மேலே வில் நின்றது.

"மாலையில் வள்ளத்தில் இருந்து பார்த்தால் எப்போதும் கரைமேல்தான் நிற்கும்" என்றார் நண்பர். "தம்பி சொல்வான், வீட்டுக்கு மேலே மாட்டிவைத்த மாதிரி இருக்கும் என்று."

வசனத்தில் நான் கண்டதைச் சொல்லலாமா என்று தயங்கி, பிறகு சொன்னேன்: அதைப் பார்த்து நினைவுகூருகிறவர் அவர் என்று.

அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. சிரட்டையைச் சுற்றி மணலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"நினைக்கட்டும்" என்றாள்.

நவம்பர் 9, ஞாயிறு

சிறுமி வந்திருந்தாள். மணி அடிக்கவில்லை, அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று முதலில் ஒத்துக்கொண்டேன். கடைசி வரிசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேதாகமத்தை விரித்தேன். 16-ஆம் வசனத்தை அவளே எழுத்துக்கூட்டி வாசித்தாள்.