கைப்பையில் எது, பெட்டியில் எது

நவம்பர் 20, வியாழன்

டிசம்பர் 1-ஆம் தேதி மும்பையிலிருந்து லட்சத்தீவுக்குக் குடும்பத்தோடு கப்பல் பயணம், ஐந்து நாள். டிக்கெட்டில் இருக்கும் பெயர்களை ஆதாரோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாகிவிட்டது. நம்மவர்களுக்கு இது தனித் தலைவலி, காரணம் இனிஷியல். ஆதாரில் ஒற்றை எழுத்தாக நிற்கும். பாஸ்போர்ட்டில் அதே அப்பா பெயர் முழுசாக விரிந்து பின்னால் போய் உட்காரும். டிக்கெட் படிவமோ குடும்பப் பெயர் போடாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. எந்த அட்டையைக் கையில் கொண்டு போகிறோமோ, அதில் உள்ளபடியே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். இதைக் கடைசி நாளுக்கு விடக்கூடாது. உள்ளூர்க்காரர் அல்லாதவர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் லட்சத்தீவில் கால் வைக்க முடியாது, 1967-லிருந்தே அப்படித்தான் விதி. அந்தச் சீட்டும் பெயரை வைத்துத்தான் வருகிறது.

சித்தி பெயரில் ஒரு 'எச்' கூடுதலாக இருக்கிறது. நாளைக்கே திருத்தச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 21, வெள்ளி

'எச்' போய்விட்டது.

நவம்பர் 22, சனி

பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை டாக்ஸியின் டிக்கிதான் முடிவு செய்யும். இந்த ஊர் டாக்ஸிகளில் பெரும்பாலும் சிஎன்ஜி. டிக்கியில் பாதிக்கு மேல் சிலிண்டர் படுத்திருக்கும், மிச்ச இடத்தில் 28 அங்குலப் பெட்டி நிற்கவும் நிற்காது, படுக்கவும் படுக்காது. மேலே கேரியர் இருந்தால் கயிறு போட்டுக் கட்டலாம். ஆனால் செம்பூரில் ஏறி ஃப்ரீவே முழுக்க அந்தக் கயிற்றை நினைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். 24 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கேபினுக்கு ஒரு பெட்டி, ஆளுக்கு ஒரு முதுகுப்பை. அவ்வளவுதான்.

கேபினும் இதையேதான் கேட்கிறது. ஜன்னல் இல்லாத உள் கேபின் என்றால் குளியலறையும் சேர்த்துப் பொதுவாக 12-லிருந்து 15 சதுர மீட்டர்தான். பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டு அதிலிருந்தே எடுத்துக் கட்டுவது நடக்காது. ஏறிய அன்றே துணியை அலமாரிக்கு மாற்றிவிட்டு, காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். அதனால் துணிப் பெட்டிதான் நல்லது, கொஞ்சம் நசுங்கிக்கொடுக்கும். கெட்டி ஓட்டுப் பெட்டி இரண்டு பக்கமும் புத்தகம் மாதிரி விரியும், திறக்கவே இரண்டு மடங்கு இடம் வேண்டும்.

சுவர் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி ஒட்டும். ஆறு வாங்கினால் போதும்: தொப்பி, அடையாள அட்டைக் கயிறு, ஈரத் துண்டு, மறுநாள் நிகழ்ச்சித் தாள். பசை வைத்து ஒட்டும் கொக்கி வேண்டாம், பெயிண்ட் உரிந்து வரும்.

நவம்பர் 23, ஞாயிறு

பெட்டியிலிருந்து வெளியே வந்தவை: அயர்ன் பாக்ஸ், தண்ணீர் சுட வைக்கும் ராடு, குட்டி கெட்டில், எக்ஸ்டென்ஷன் போர்டு.

முதல் மூன்றும் சூடேறும் சாமான்கள், சொல்லவே வேண்டாம். எக்ஸ்டென்ஷன் போர்டைப் பற்றித்தான் எல்லாரும் வாதாடுகிறார்கள், 'நல்ல கம்பெனி போர்டு, சர்ஜ் பாதுகாப்பெல்லாம் இருக்கிறதே' என்று. மின்சாரம் திடீரென எகிறினால் காக்கும் அந்த சர்ஜ் பாதுகாப்புதான் சிக்கலே. வீட்டில் இரண்டு கம்பிகளில் ஒன்று நியூட்ரல், அது எர்த்தோடு கட்டப்பட்டது. பல கப்பல்களில் அப்படி இல்லை, இரண்டு கம்பியிலும் மின்சாரம், எதுவும் கப்பல் உடலோடு கட்டப்படாமல் தனியாக இருக்கும். எங்கேயோ ஒரு இடத்தில் ஒரு கம்பி இரும்பில் உரசினால் ஃபியூஸ் உடனே போகாது. விளக்கு அணையக்கூடாது, இன்ஜின் நிற்கக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. ஆனால் அந்த நேரத்தில் மற்றக் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே முழு வோல்டேஜும் ஏறும். சர்ஜ் போர்டுக்குள் கம்பியையும் எர்த்தையும் இணைத்து ஒரு சின்ன வில்லை இருக்கிறது. வோல்டேஜ் அதன் வரம்பைத் தாண்டினால் அது சூடாகும், உருகும், தீப்பிடிக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-லேயே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது. ஸ்கேனரில் இந்த போர்டைப் பார்த்தால் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள் என்றால் அது சரியான காரியம். நடுக்கடலில் தீ என்றால் ஓடிப்போக இடம் கிடையாது.

அதற்குப் பதில்: நாலு யூஎஸ்பி வாசல் உள்ள ஒரே ஒரு சார்ஜர். கேபின் சுவரில் பெரும்பாலும் ஒரு அமெரிக்கத் தட்டைப் பின் சாக்கெட், ஒரு ஐரோப்பிய உருண்டைப் பின் சாக்கெட் இருக்கும். நம்ம மொபைல் சார்ஜரின் இரண்டு உருண்டைப் பின் ஐரோப்பிய சாக்கெட்டில் ஏறிவிடும். மூன்று பின் ஏறாது, அதற்கு அடாப்டர். அதிலும் சர்ஜ் என்று எழுதாததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

நவம்பர் 24, திங்கள்

அப்பாவின் இன்சுலின்.

கப்பலில் ஏறும்போது பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அது கேபின் கதவுக்கு வந்து சேர சில மணி நேரம் ஆகும், சில சமயம் ராத்திரிச் சாப்பாடு நேரம் கூட ஆகிவிடும். மத்தியானம் போட வேண்டிய ஊசி அதற்குள் இருந்தால் என்ன செய்வது? மருந்து எதுவும் பெட்டியில் போகக்கூடாது. ஒரு மாத்திரை கூட.

போட வேண்டிய அளவுக்கு இரண்டு மடங்கு எடுத்து, இரண்டாகப் பிரித்து, இரண்டு பேர் முதுகுப்பையில். ஒரு பை தொலைந்தாலும் மறு பையில் முழு அளவு இருக்கும். திறக்காத பேனா 2-லிருந்து 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்த பேனா பெரும்பாலும் 28 நாள் வரை வெளியிலேயே தாங்கும், 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால். மருந்துக்கு மருந்து இது மாறும், அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் உள்ள கணக்கே கணக்கு.

கேபினில் இருக்கும் குட்டி ஃபிரிட்ஜை நம்பக்கூடாது. பல கப்பல்களில் அது பானத்தைக் குளுமையாக வைக்க மட்டும்தான், 8 டிகிரிக்குக் கீழே இறங்காது. சிலதில் பின் சுவர் பனிக்கட்டி பிடிக்கும். ஒரு தடவை உறைந்த இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும், உருகின பிறகு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் சரி. கப்பல் மருத்துவ அறையில் வைத்துத் தருவார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். ஐஸ் ஜெல் பாக்கெட்டைப் பேனாவோடு ஒட்டி வைக்கக்கூடாது, நடுவில் ஒரு துண்டு. தண்ணீரில் நனைத்துக் குளிர்விக்கும் பைகள் ஆவியாதலை நம்பி வேலை செய்பவை. காற்று பட வேண்டும், மூடிய பைக்குள் திணித்தால் பயனில்லை. கடல் காற்றின் ஈரத்தில் அதன் குளிர்ச்சியும் குறையும்.

ஊசி முனைகளுக்குக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்று, மூடியோடு. சர்க்கரை இறங்கினால் சாப்பிட குளுக்கோஸ் அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும், பையில் இல்லை. 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன். கால் மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். டெஸ்ட் ஸ்ட்ரிப் டப்பாவை ஒவ்வொரு முறையும் உடனே மூட வேண்டும். ஈரம் பட்டால் தப்பான எண் காட்டும்.

நவம்பர் 25, செவ்வாய்

பதில் வரவில்லை.

நவம்பர் 26, புதன்

துணி. முதல் நாள் ஏறுவது, இரண்டாம் நாள் முழுக்கக் கடல், மூன்றாம் நாள் லட்சத்தீவின் அகத்தித் தீவு, நாலாம் நாள் மறுபடி கடல், ஐந்தாம் நாள் இறங்குவது. இந்தக் கணக்குக்கு ஆளுக்கு இரண்டு பேன்ட், நாலு மேல்சட்டை, ராத்திரி விருந்துக்கு ஒரு நல்ல உடுப்பு, நீச்சல் உடை இரண்டு. இரண்டு ஏனென்றால் குளியலறையில் போட்டது காலைக்குள் காயாது. பருத்தித் துணியோடு நீச்சல் குளத்தில் விடமாட்டார்கள், நைலான் அல்லது லைக்ரா. மாட்டுங்கா மார்க்கெட்டில் முழுக் கை, முழங்கால் வரை வரும் மாதிரி கிடைக்கிறது. சித்திக்கு அதுதான் ஒத்துவரும்.

மும்பைக்காரர்கள் மறப்பது ஸ்வெட்டர். டிசம்பரில் கூட இங்கே தேவைப்படாததால் அலமாரியிலேயே இருக்காது. கப்பலுக்குள் ஏசி ராப்பகலாக ஓடும், நாடக அரங்கும் சாப்பாட்டு அறையும் நடுங்கும். ஆளுக்கு ஒரு சால்வை கைப்பையில்.

பட்டுப்புடவை ஒன்று போதும், அதுவும் சரிகை குறைவானதாக. வெள்ளிக் கம்பியில் முலாம் பூசிய சரிகைக்கு ஈரக் காற்று ஆகாது, கறுக்கும். பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி, மடிப்பு மாற்றி மடித்து, பெட்டியின் மேல் தட்டில். மேல் தளத்தில் முந்தானை நிற்காது, பின் ஊசி ஒரு அட்டை. செருப்பில் பின்பக்கம் வார் இருக்க வேண்டும், அடி ரப்பராக இருக்க வேண்டும். விருந்து அறைக்கு ஆண்கள் முழு பேன்ட், மூடிய ஷூ. அப்பாவின் வேட்டிக்கு என்ன சொல்வார்கள் என்று தெரியாமல் ஒரு பேன்ட் கூடவே இருக்கட்டும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். கேபின் ஏசியில் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தாலும் வராது. வாய் அகன்ற சின்ன டப்பாவில் எடுக்க வேண்டும்.

நவம்பர் 27, வியாழன்

3-ஆம் தேதி கார்த்திகை. அன்றைக்குக் கப்பலில் இருக்கிறோம்.

அகல் வேண்டாம், திரி வேண்டாம், தீப்பெட்டி, கற்பூரம், ஊதுவத்தி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கேபின் கூரையிலும் புகை உணரும் கருவி இருக்கிறது. பேட்டரி அகல் ஒரு டஜன், செம்பூர் ஸ்டேஷன் பக்கம் தீபாவளிக்கு வந்தது மிச்சம் இருக்கிறது. சித்தி முகம் சுருங்கியது. 'விளக்குன்னா சுடர் இருக்கணும்மா' என்றாள். அவள் சொல்வது நியாயம்தான். ஆனாலும் பேட்டரி அகல்தான். பொரி உருண்டையும் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டில் செய்த சாப்பாட்டைப் பொதுவாக உள்ளே விடுவதில்லை. கப்பலில் ஒருத்தருக்கு வயிறு கெட்டால் நூறு பேருக்குப் பரவும், எதனால் என்று கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. புளியோதரை டாக்ஸியிலேயே தீர்ந்துவிட வேண்டும்.

அதே காரணத்துக்காக சோப்பு. வாந்தி பேதி தரும் நோரோவைரஸ் ஜெல் சானிடைசருக்கு அவ்வளவாக அடங்காது. சாப்பிடும் முன் சோப்பு போட்டு 20 விநாடி கழுவுவதுதான் வழி. காகித சோப்பு ஆளுக்கு ஒரு டப்பா, ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட் ஆறு.

நவம்பர் 28, வெள்ளி

குமட்டல் மாத்திரை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அவோமின் வாங்குகிறார்கள். அதிலிருப்பது ப்ரோமெதசின். வாந்தி தொடங்கின பிறகு போட்டால் உள்ளே தங்காது, கப்பல் கிளம்ப ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும். தூக்கம் வரும், மது கூடாது. இது இளசுகளுக்கு. அப்பாவுக்கு ப்ராஸ்டேட் தொந்தரவு இருக்கிறது. இந்த வகை மருந்து சிறுநீரை அடைக்கும், கண் அழுத்தம் இருந்தால் அதை ஏற்றும், வயசானவர்களைத் தடுமாற வைக்கும். ஆடும் தரையில் தடுமாற்றம். டாக்டர் சரி என்று சொல்லாமல் அவர் கையில் கொடுக்கக்கூடாது. இஞ்சி மிட்டாய், கீழ்த் தளத்தில் நடுப்பக்கமாக உட்காருவது, தொடுவானத்தைப் பார்ப்பது, வெறும் வயிறாக இல்லாமல் இருப்பது, இவை யாருக்கும் கெடுதல் செய்யாது.

வாந்தி வந்தால் சாப்பாடு இறங்காது. சாப்பாடு இறங்காமல் இன்சுலின் எப்படிப் போடுவது? இதை டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். எத்தனை யூனிட் குறைப்பது, எப்போது நிறுத்துவது, எந்த எண் வந்தால் கப்பல் டாக்டரைக் கூப்பிடுவது. வாயால் சொன்னது போதாது.

நவம்பர் 29, சனி

பதில் வந்துவிட்டது. மருத்துவ அறை ஃபிரிட்ஜில் வைத்துத் தருவார்கள், பெயரும் கேபின் எண்ணும் எழுதிய கவரில் கொடுக்க வேண்டும். டாக்டரும் முழுசாக எழுதிக் கொடுத்தார், மருந்துகளின் மூலப் பெயரோடு. அவோமின் கிடையாது என்று கோடு போட்டு எழுதியிருக்கிறார்.

நிம்மதியாகப் பெட்டி அடுக்கலாம். சக்கரப் பக்கம் ஷூவும் கனமானவையும், ஷூவுக்குள் சாக்ஸ். பேன்ட் சுருட்டி, சட்டை மடித்து. ஒவ்வொரு பாட்டில் மூடிக்கு அடியிலும் ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்து இறுக்கி, தனிக் கவர். அப்பாவின் ஒரு செட் சித்தி பெட்டியில், சித்தியின் ஒரு செட் அப்பா பெட்டியில். ஈரத் துணிக்கு இரண்டு காலிக் கவர். பழைய விமானச் சீட்டுகளைக் கைப்பிடியிலிருந்து கிழித்தாகிவிட்டது. அது இருந்தால் பெட்டி வேறு தளத்துக்குப் போகும். கப்பல் சீட்டை மடித்து, மேலே அகல டேப் ஒட்டி, நாலு பின் அடிக்க வேண்டும். அதே விவரம் எழுதிய இன்னொரு தாள் பெட்டிக்குள். கறுப்புப் பெட்டிகள் எல்லாம் ஒரே சாயல் என்பதால் மஞ்சள் ரவிக்கைத் துணி ஒரு முடிச்சு.

நவம்பர் 30, ஞாயிறு

பெட்டி 14 கிலோ, இன்னொன்று 13. ஒரு கையால் தூக்க முடிகிறது.

டிசம்பர் 1, திங்கள்

துறைமுக மேடையிலிருந்து. பெட்டிகள் போய்விட்டன. முதுகுப்பையில்: அட்டைகள், அனுமதிச் சீட்டு நகல், மருந்து, சால்வை, ஒரு மாற்று உடை, நீச்சல் உடை, சார்ஜர். பக்கத்து வரிசையில் ஒரு குடும்பம் டிக்கெட் பிரிண்டைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டுப் போனைத் தேடிக்கொண்டிருக்கிறது.

கரை மறைந்ததும் போனை ஏரோபிளேன் மோடில் போட எல்லாருக்கும் சொல்ல வேண்டும். கப்பலின் சிக்னலைப் பிடித்துக்கொண்டால் கட்டணம் தாங்காது.

டிசம்பர் 2, செவ்வாய்

நேற்றுப் பெட்டி வந்தது ஏழு மணிக்கு மேல். மருந்துக் கவர் அப்போதே மருத்துவ அறையில்.

நாளைக்குப் படகு. உள்ளே ஆழம் போதாததால் கப்பல் பவளத்திட்டுக்கு வெளியிலேயே நிற்கும், சின்னப் படகுக்கு இறங்க வேண்டும். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், தோளில் தொங்கும் பை ஆகாது. நீர் புகாத பையின் வாயை மூன்று சுற்று சுருட்டினால்தான் அடைக்கும். கப்பல் அட்டை, ஆதார், சின்ன நோட்டுகள், தண்ணீர், தாடையில் கட்டும் தொப்பி, முழுக் கைச் சட்டை, தண்ணீருக்குள் போடும் ரப்பர் ஷூ. பவளம் கீறினால் எளிதில் சீழ் வைக்கும், அதனால் நல்ல தண்ணீரும் கிருமிநாசினியும். திரும்பும்போது பவளத் துண்டு எதுவும் பையில் இருக்கக்கூடாது, வனவிலங்குச் சட்டப்படி குற்றம். குழந்தைகள் சட்டைப் பையையும் பார்த்துவிட வேண்டும்.

அலை இருந்தால் அப்பா இறங்க வேண்டாம். அப்படியானால் பேனா, ஸ்ட்ரிப், டாக்டர் சீட்டு மூன்றும் அவரோடு கப்பலிலேயே. சித்தி அவருடன் இருக்கிறேன் என்கிறாள், குளுக்கோஸ் அப்பாவின் எந்தச் சட்டைப் பையில் என்று அவளுக்குக் காட்டிவிட வேண்டும்.